தொண்ணூறில் நிற்கிற முள்

மார்ச் 3

அன்புள்ள இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இன்று காலை பத்தரை மணிக்கு, ஐம்பத்திரண்டு வயதில், கடைக்குள் நின்றபடியே என் பேண்ட் நனைந்துவிட்டது. பக்கத்துக் கடை டெய்லர் பார்த்துவிட்டார். ஸ்பிரேயர் லீக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நாள் முழுக்கத் தண்ணீர் அடித்துக் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டுகிறவனுக்கு இந்தத் தொழில் கொடுத்திருக்கும் ஒரே சலுகை இதுதான்: எது நனைந்தாலும் ஊர் காரணம் கேட்காது. உனக்கு மட்டும் உண்மை. ஸ்பிரேயரிலிருந்து ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

“போனில் பேசினால் சிரிக்கவைத்து ஏமாற்றிவிடுவீங்க. எதுவா இருந்தாலும் எழுதுங்க. எழுதும்போதாவது பொய் சொல்லக் கை கூசட்டும்” என்று சொல்லிவிட்டு நேற்று உன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாய். சரி, எழுதுகிறேன். கை கூசுகிறதா என்று தெரியவில்லை.

நீ கடைச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போன மறுநாளே, அதாவது இன்று, ரோஷத்தோடு, காற்றழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சுகிற அந்த ஸ்டீல் தொட்டியை எடுத்தேன். நீ முறைத்துக்கொண்டே இருந்த அதே தொட்டி. ஒப்புக்கொண்டிருக்கிற அலுவலகக் கட்டட வேலையில் ஆளுயரக் கண்ணாடி நாற்பது. அதற்கெல்லாம் கையால் பம்ப் அடித்துக்கொண்டிருந்தால் என் தோள்பட்டை தனிக்குடித்தனம் போய்விடும். அதனால் தண்ணீரை ஊற்றினேன், ஷாம்பு நாலு சொட்டு விட்டேன், மூடியைப் போட்டு நெம்புகோலை அழுத்திப் பூட்டினேன். கம்ப்ரஸரிலிருந்து காற்றுக் குழாயை மாட்டி ஸ்விட்சைத் தட்டினேன்.

தட்டியதுமே தலைமாட்டில் பாம்பு சீறினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சத்தம். எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. மீட்டரைப் பார்த்தேன். முள் தொண்ணூறில் நிற்கிறது. முப்பது பவுண்டு போதும் என்று நீ நூறு தடவை சொன்ன தொட்டி. குழாய் நுனியில் இருக்கிற ஸ்பிரே கன்னை அழுத்திக் காற்றை இறக்கலாம் என்று அழுத்தினேன். தண்ணீர் வரவில்லை. வழி அடைத்துக்கொண்டது, காற்று உள்ளே ஏறிக்கொண்டே போகிறது என்று புரிந்தது. பேண்ட் விவகாரம் நடந்தது அந்த நொடியில்தான்.

வெளியே ஓடிவந்து மெயினை இறக்கினேன். சத்தம் நின்றது. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. சீறுகிற பாம்பு தெரிந்த பாம்பு. சத்தம் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறதே, அதை என்ன செய்வது?

ஷட்டரை இறக்கிவிட்டு எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மூன்று டிரைவர்கள் எனக்காக வண்டியை நிறுத்தித் திட்டிவிட்டுப் போனார்கள்.

உன் வீட்டுக்காரன்
(வீட்டுக்குப் போகலாம், கடைக்குள்தான் போக முடியவில்லை)


மார்ச் 6

என்னங்க,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் சகலை பல்வலியோடு பலகாரம் தின்கிறார். அக்கா திட்டுகிறாள். பேண்ட் விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை.

ஒன்று கேட்கிறேன். அந்தத் தொட்டியை வண்டியிலிருந்து இறக்கும்போது கீழே போட்டீர்களே, அதற்குப் பிறகு மீட்டரைச் சோதித்தீர்களா? இன்னொன்றும் கேட்கிறேன். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். சேஃப்டி வால்வைப் பற்றி ஒரு வரி இல்லை. அளவுக்கு மேலே போனால் தானாகத் திறந்து காற்றை விடுவதற்குத்தானே அதை வைத்திருக்கிறார்கள்? தொண்ணூறு வரை அது ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தது?

பதில் எனக்குத் தெரியும். உங்கள் கையால் எழுதி வர வேண்டும்.

நான் தீயணைப்பான் நிரப்புகிற பட்டறையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள் என்று கேலி செய்து இன்ஸ்பெக்டர் என்று கூப்பிடுகிறீர்கள். அங்கே ஒரு அண்ணன் இருந்தார். எல்லோரும் ஜோக்கர் அண்ணன் என்போம். அவர் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம் முடிவது தெரியாது. ஒரு நாள் பழைய சிலிண்டர் ஒன்றைச் சோதிக்காமல் காற்றேற்றினார். “இது என் மாமியார் மாதிரி, எவ்வளவு ஏத்தினாலும் தாங்கும்” என்றார். நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் மூடி பறந்து அவர் தாடையில் அடித்தது. உயிர் பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் பேசி யாருக்கும் புரிந்ததில்லை.

இதை உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. சொன்னால் அதிலும் ஒரு நகைச்சுவை கண்டுபிடிப்பீர்கள் என்று பயம்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மனைவி


மார்ச் 9

அன்புள்ள உனக்கு,

அந்த அண்ணனைப் பற்றி எழுதிய பத்தியை நான்கு தடவை படித்தேன். நகைச்சுவை எதுவும் கிடைக்கவில்லை. மாமியார் வரியில் மட்டும் உதடு லேசாக அசைந்தது, உடனே நிறுத்திவிட்டேன்.

கடைத் திறப்பு விழா இன்னும் நடக்கவில்லை. ஏழாவது நாளாகப் பஸ் நிறுத்தத்தில் இருக்கிறேன். ஊருக்கெல்லாம் வெயில் தடுக்க ஃபிலிம் ஒட்டுகிறவன் தன் கடை மேல் ஜன்னலுக்கு ஒட்டவில்லை என்று எத்தனை தடவை குத்திக்காட்டினாய்? அந்தப் பாவம் இப்போது வட்டியோடு வந்திருக்கிறது. மாலை நான்கு மணிக்கு வெயில் அந்த ஜன்னல் வழியாக நேராகத் தொட்டிமேல்தான் விழும். சூடேறினால் காற்று வீங்கும் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாம். நாலு மணிக்கு நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், ஐந்து மணிக்கு விடுகிறேன். உள்ளே தொட்டியைச் சுற்றி எத்தனை கண்ணாடி சாய்த்து வைத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கிறேன். இருபத்தாறு. நாலு மணிக்கு அது ஐம்பதாகிவிடுகிறது.

அதைவிடக் கேவலம் ஒன்று. நம் கடைக்கும் டெய்லர் கடைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தச் சுவரோரமாகத்தான் அவர் வாடிக்கையாளர்கள் உட்கார பெஞ்சு போட்டிருக்கிறார். தினமும் அவர் சாப்பிடப் போகும்போது உள்ளே நுழைந்து பெஞ்சை ஒரு அடி நகர்த்திவிட்டு வருகிறேன். சொல்லத் தைரியமில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. இன்று பெஞ்சு வாசலுக்கு வந்துவிட்டது. அவர் தன் மனைவியிடம், கட்டடம் சாய்கிறது போலிருக்கிறது, பெஞ்சு தானாக நகர்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நேற்று ஒரு அம்மா கைக்குழந்தையோடு ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தாள். பெஞ்சு தள்ளிப் போயிருந்ததால் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். எதிரே இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்து போய், அம்மா, இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள் என்று சொல்ல எனக்கு இருபது அடி நடக்க வேண்டும். கால் வரவில்லை. அவளாகவே எழுந்து போகிற வரை நான் உட்கார்ந்தே இருந்தேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். சேஃப்டி வால்வில் கம்பி சுற்றியது நான்தான். கட்டுக்கம்பி, நாலு சுற்று. ஏன் என்று கேட்டால் காற்று வீணாகிறது, வேலை தாமதமாகிறது என்று முன்பு உன்னிடம் ஏதாவது சொல்லியிருப்பேன். அதெல்லாம் இல்லை. வாங்கி வந்த அன்று சோதித்துப் பார்த்தபோது அந்த வால்வு திடீரென்று ஊஸ் என்றது. நான் துள்ளி விழுந்தேன். நல்லவேளை, நீ பார்க்கவில்லை. மறுபடி அது ஊஸ் என்றால் மறுபடி துள்ளுவேன், அப்போது நீ பார்ப்பாய் என்று கட்டிவிட்டேன்.

அவ்வளவுதான். பயந்தவன் என்று தெரியாமல் இருக்க, பயப்பட வேண்டிய இடத்தைக் கட்டிவைத்தேன். சிரி. சிரிக்க மாட்டாய் என்று தெரியும்.

என்ன செய்ய வேண்டும் என்று எழுது. நீ சொல்கிறபடி செய்கிறேன்.

உன்னுடைய
பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன்


மார்ச் 12

என்னங்க,

கம்பியை நான் புறப்பட்ட அன்றைக்கே பார்த்துவிட்டேன். நான் கிளம்பியதே அதைப் பார்த்துத்தான். நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

பல் டாக்டர் வீட்டு ஜன்னலுக்கு ஃபிலிம் ஒட்டப் போனோமே, நினைவிருக்கிறதா? இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் ஸ்பிரேயர். பதினைந்து தடவை பம்ப் அடித்தால் போதும் என்று அட்டையிலேயே போட்டிருந்தது. நீங்கள் டாக்டருக்குக் கதை சொல்லிக்கொண்டே ஐம்பது அடித்தீர்கள். பம்ப் பிடுங்கிக்கொண்டு உங்கள் புருவத்தை உரசி மேலே போய் விளக்கை உடைத்தது. “வலிக்காம பல் பிடுங்கறது இப்படித்தான் டாக்டர்” என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் தலைமுடியிலிருந்து விளக்குக் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கியது நான். புருவத்துக்கும் கண்ணுக்கும் நடுவில் என் ஒரு விரல் அகலம்கூட இல்லை. அன்றிலிருந்து ஆறு வருடம். நீங்கள் பம்ப் அடிக்கும்போதெல்லாம் நான் மனதுக்குள் எண்ணுகிறேன்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒன்றையும் மாற்றாதீர்கள், ஒன்றையும் முன்பின் ஆக்காதீர்கள்.

முதலில் டெய்லரிடம் உண்மையைச் சொல்லுங்கள். தொட்டியை அப்புறம் பார்க்கலாம். அவரும் அங்கே இருக்கிறவர்களும் தெருவுக்கு வந்த பிறகுதான் நீங்கள் ஷட்டரைத் தூக்க வேண்டும்.

மெயின் இறங்கியே இருக்கட்டும். ஹெல்மெட், கண்ணுக்குக் கண்ணாடி. காலையில் போங்கள், வெயில் தொட்டிக்கு வருவதற்கு முன்பு. கன், குழாயின் நுனியில்தான் இருக்கிறது, குழாய் நீளமானது. அதை வெளியே இழுத்துக்கொண்டு வந்து சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அழுத்துங்கள். தண்ணீர் வந்தால் எல்லாம் போகும் வரை விடுங்கள். வராவிட்டால் உள்ளே போய்த் தொட்டிக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். மூடிக்கு நேரே முகத்தைக் கொண்டுபோகக் கூடாது. கட்டிங் பிளேயரால் கம்பியை வெட்டி, சேஃப்டி வால்வின் வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். எல்லாம் அடங்கிய பிறகுதான் மூடியைத் தொட வேண்டும். காற்று இருக்கும்போது மூடியோடு மல்லுக்கட்டினால் மூடிதான் ஜெயிக்கும்.

பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே செய்யுங்கள். ஜோக் சொல்லிக்கொண்டு செய்யாதீர்கள்.

செய்யாவிட்டால் நான் கோபப்பட மாட்டேன். ஆனால் திரும்பி வர மாட்டேன். இதை மிரட்டலாக எழுதவில்லை. இன்னொரு தடவை பொறுக்கி எடுக்க என் விரலுக்குத் தெம்பில்லை.

உங்கள் மனைவி


மார்ச் 15

அன்பே, ஆருயிரே, தலைமைப் பரிசோதகரே,

முடிந்துவிட்டது. உயிரோடு எழுதுகிறேன். பேண்ட் காய்ந்தே இருக்கிறது, விசாரிக்கலாம்.

நேற்றுக் காலை டெய்லரிடம் போனேன். உண்மையைச் சொன்னேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார், கோத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“அப்ப பெஞ்சை நகர்த்துனது நீதானா?”

“ஆமாண்ணே.”

“பத்து நாளா என் பொண்டாட்டி இந்தச் சுவத்துல சாஞ்சுதான்யா காஜா எடுத்துக்கிட்டிருக்கா.”

அவர் திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மனைவியைக் கூப்பிட்டார், தையல் மெஷினை இரண்டு பேருமாகத் தூக்கி எதிரே பஸ் நிறுத்தத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். தைக்க வந்தவர்களும் அங்கே போய் நின்றார்கள். இவ்வளவு நாள் நான் தனியாக உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபக் கூட்டம்.

ஷட்டரைத் தூக்கினேன். ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு எனக்கே பக்கத்தில் ஒரு ஆள் விடுகிற மூச்சு மாதிரி கேட்டது. தொட்டி அங்கேயே இருந்தது. முள் தொண்ணூறிலேயே இருந்தது. நான்தான் பத்து நாளில் பாதியாகிவிட்டேன். குழாயை இழுத்துக்கொண்டு வந்து வெளியே நின்று கன்னை அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. அப்படியே திரும்பி ஓடிவிடலாம் என்று தோன்றியது. எதிரே டெய்லரின் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே போனேன். நீ சொன்னபடி பக்கவாட்டில் நின்றேன். “பயமா இருக்கு, பயமா இருக்கு” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே குனிந்தேன். பிளேயர் கம்பியைக் கவ்வ மாட்டேன் என்கிறது, வழுக்கி வழுக்கிப் போகிறது. ஒவ்வொரு சுற்றாக வெட்டினேன். நாலாவது சுற்றில் உன் முகம் வந்தது. கண்ணாடித் துண்டு பொறுக்குகிற முகம்.

அப்புறம் வளையத்தை இழுத்தேன். ஊஸ்ஸ்ஸ் என்று கிளம்பியது பார். அம்மாடி. பத்து நாள் அடைபட்ட காற்று. சுவரில் காலண்டர் படபடவென்று அடித்துக்கொண்டது, ஹெல்மெட் கண்ணாடியெல்லாம் ஆவி. முழுசாக இரண்டு நிமிடம். நான் விடவே இல்லையே, துள்ளவும் இல்லையே. கடைசியில் ஒரு பெருமூச்சு மாதிரி அடங்கியது. மூடியைத் திறந்தேன், தண்ணீர் அப்படியே இருந்தது. வெளியே வந்தபோது டெய்லர் என் தோளைத் தட்டினார். பெஞ்சை மட்டும் இனிமேல் தொடாதே என்றார்.

மீட்டர் முள் மட்டும் மூடியைத் திறந்த பிறகும் தொண்ணூறிலேயே நிற்கிறது. என்னோடு பழகிய தோஷம், பயத்தில் உறைந்துவிட்டது போலிருக்கிறது.

சாட்சிக்கு, வெட்டின கம்பியை இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். பார்த்து எடு, முனை குத்தும்.

இனி எந்த ஸ்பிரேயர் வாங்குவதென்றாலும் உன்னைக் கேட்டுத்தான். தோள்பட்டை போனால் போகட்டும். வீடு பெரிதாக இருக்கிறது, நான் மட்டும் பேசினால் எதிரொலிக்கிறது. எப்போது வருகிறாய்?

உன் வீட்டுக்காரன்
(முன்னாள் வீரன் என்று போடலாமா என்று யோசிக்கிறேன்)


மார்ச் 18

என்னங்க,

கம்பி வந்து சேர்ந்தது. கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன். வெட்டுகள் கோணல்மாணலாக இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று தடவை பிளேயர் வழுக்கின தழும்பு. இதை வெட்ட வேண்டுமென்றால் அந்தத் தொட்டியின் மேல் குனிந்தாக வேண்டும். குனிந்திருக்கிறீர்கள். டெய்லரிடமும் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அது போதும்.

நான் புறப்பட்ட அன்று இந்தக் கம்பியை நானே வெட்டியிருக்க முடியும். வெட்டினால் மறுநாள் வேறு கம்பி சுற்றியிருப்பீர்கள்.

காற்று சீறியதை எழுதியிருந்த பக்கத்தை உங்கள் சகலை சத்தமாக வாசித்தார். காலண்டர் படபடத்த இடத்தில் கை தட்டினார். அக்கா, உன் புருஷன் சிங்கம்டி என்றாள். நான் காகிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். பத்து நாள் நீங்கள் பயந்ததற்கு வருத்தப்படுகிறேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். கொஞ்சம்தான். நான் ஆறு வருடம் பயந்திருக்கிறேன்.

அந்தத் தொட்டி வேண்டாம். எத்தனை பவுண்டு தாங்கும் என்று சொல்கிற தகடே தேய்ந்துபோயிருக்கிறது. எதையும் ஊற்றாமல் தூக்கி இரும்புக் கடையில் போடுங்கள், மீட்டரையும் சேர்த்து. வீட்டு ஜன்னல்களுக்குச் சின்னக் கைப் பம்ப் ஸ்பிரேயர் போதும், காற்றை விடுகிற பித்தான் உள்ளதாகப் பார்த்து வாங்கலாம். பெரிய கண்ணாடிகளுக்குப் புதிய தொட்டி: தகடு தெரிய வேண்டும், காற்றை அளவாக விடுகிற ரெகுலேட்டர் வேண்டும், சேஃப்டி வால்வு ஊஸ் என்று சொல்ல வேண்டும். அது சொல்லும்போது நீங்கள் துள்ளினால் நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். துள்ளுங்கள். இரண்டு பேரும் சேர்ந்தே போய் வாங்குவோம்.

வியாழக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறேன். நிறுத்தத்துக்கு வாருங்கள். உங்களுக்குப் பழக்கமான இடம்தான்.

உங்கள் மனைவி

பி.கு.: கவரைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், உள்ளே கறுப்பாக ஒரு ரப்பர் வளையம் இருக்கும். காற்று கசியாமல் அந்தத் தொட்டி மூடியை அடைக்கிற கேஸ்கெட். கடைச் சாவியை மேஜைமேல் வைத்தேனே, அன்றைக்கே அதைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினேன். அது இல்லாமல் அந்தத் தொட்டியில் ஒரு மூச்சுக் காற்றுகூட நிற்காது.